வளையல் அளவு

ஐந்து புள்ளி ஏழு சென்டிமீட்டர். சாய்த்துப் பார்த்தால் ஐந்து புள்ளி நாலு மாதிரியும் தெரிகிறது, துண்டு சின்னது, வளைவு போதவில்லை, வெயில் வேறு காகிதத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்ட காகிதம் இது. உடைந்த வளையல் துண்டை அதன் மேல் வைத்து நகர்த்தினால் ஏதாவது ஒரு வட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதுதான் அளவு, முழு வளையல் இல்லாமலே அதைப் போட்டிருந்த கை எவ்வளவு பருமன் என்று சொல்லிவிடலாம். முப்பத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அகழாய்வு மேற்பார்வையாளர் மாயழகு என்று அடையாள அட்டையில் இருக்கிறது, வீட்டில் யாராவது கேட்டால் என் மனைவி சுலோச்சனா 'ஓட்டாஞ்சில்லு பொறுக்கப் போயிருக்காரு' என்பாள், அதுவும் சரிதான். ஆனால் இந்தத் தடவை ராஜா காலத்து ஓடு இல்லை, ஐம்பது அறுபது வருஷத்துக் குப்பை. சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் கப்பலில் வந்து இறங்கி, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சர்க்கார் சொல்லும்வரை கிடந்த முகாம். இந்த அகழாய்வை நடத்துகிற மரகதவல்லி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார், "எத்தனை தலை வந்துச்சுன்னு காகிதத்துல இருக்கு சார். அவங்க எதுல தண்ணி குடிச்சாங்க, பிள்ளைங்க எதை வச்சு விளையாடுச்சுன்னு ஒரு ஃபைல்லயும் இல்ல. அது மண்ணுலதான் இருக்கும்." குழாயடியில் முதல் குழியைப் போடச் சொன்னதும் அவர்தான், துணி துவைக்கிற இடத்தில்தான் வளையல் உடையும், பொத்தான் தெறிக்கும், பெண்கள் பேசிக்கொண்டே எதையாவது தொலைப்பார்கள். அதைக் கிழக்கே இரண்டு மீட்டர் நீட்டச் சொன்னது மட்டும் நான். கழிவுநீர் வாய்க்கால் அந்தப் பக்கம் தொடரும் மேடம் என்றேன். வாய்க்காலாவது மண்ணாங்கட்டியாவது. அங்கே என் தங்கச்சி இருக்கிறாள். காலையில் வரும்போதே அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கி வந்து கூடாரத்துப் பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன், எலும்பு தென்பட்டால் மூடுவதற்கு முன்னால் ஒரு கை ஊற்ற வேண்டும் என்று.

பவளம் என்று பேர், ஒன்பது மாசம். எனக்கு அப்போது ஆறு வயது, எழுபத்திரண்டாம் வருஷம், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி இங்கே கொண்டுவந்து விட்டார்கள், தகரக் கூரை போட்ட நீள நீளக் கொட்டகை, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. மலையில் குளிரிலேயே கிடந்த உடம்புக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லார் தோலும் உரிந்தது, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து விடவே இல்லை. அப்பா முதல் வாரத்திலேயே குடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார், அதற்கு மட்டும் அவருக்குப் புது ஊர் பழைய ஊர் கிடையாது. பாப்பா அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அழுதது குறைந்ததும் ஞாபகம் இருக்கிறது, கடைசியில் பூனைக்குட்டி முனகுகிற மாதிரி. பிறகு ஒரு விடிகாலை எழுந்து பார்க்கிறேன், பாயில் பாப்பா இல்லை, அம்மாவும் இல்லை. வெளியே ஓடினேன். குழாயடிக்குக் கிழக்கே உடைமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ஈர மண், முன்னால் ஒரு சின்ன மேடு, என் கையால் ஒரு முழம் இருக்கும், தட்டித் தட்டி வழவழப்பாக்கியிருந்தாள், தலைமாட்டில் ஒரு கிளிஞ்சல். "பாப்பா செத்துப் போச்சு தம்பி. இந்தா, இங்கதான் படுத்திருக்கு. இனிமே பாப்பா எங்கன்னு கேக்கக் கூடாது." நான் கேட்கவில்லை. அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்தச் சில் இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது, இந்த வெயிலிலும். எத்தனையோ ஊரில் எத்தனையோ ஈமத்தாழியைத் திறந்திருக்கிறேன், ஒவ்வொரு தடவை கை உள்ளே போகும்போதும் அந்த மேடுதான். ஐந்து புள்ளி நாலு என்றே எழுதிவிடலாம். பச்சைக் கண்ணாடி, நெளிவு இல்லை. இது அம்மாவுடையதாகக்கூட இருக்கலாம், அம்மா கை ஒல்லி. ஆயிரம் பெண்கள் துவைத்த இடத்தில் எது யாருடையது, சும்மா இரு.

"சார், செத்த வாரீகளா? இங்கன ஒண்ணுமே காணோம். வெறும் சரளையாத்தான் ஓடுது." பூமயில் கூப்பிடுகிறாள். பக்கத்துக் கடலோரக் கிராமத்துக்காரி, மண்வேலைக்கு வந்தவர்களில் அவளிடம்தான் நான் கிழக்கு நீட்டிப்பைக் கொடுத்தேன், கொத்தினால் கொத்துவாள், சுரண்டு என்றால் சுரண்டுவாள், கைக்கு அவ்வளவு அடக்கம் இருக்கிறது. போய் விளிம்பில் குத்துக்கால் வைத்து உட்காருகிறேன், முழங்கால் சத்தம் போடுகிறது. மேலே மூன்று விரல் மணல், அதை வழித்துவிட்டாள். அதற்குக் கீழே செம்மண் சரளை, முகாம் கட்டியபோது சேறு ஆகாமல் இருக்கக் கொட்டி இடித்த தளம், நாலு மூலையும் ஒரே சிவப்பு. ஒரே சிவப்பு. ஒரு கருப்பு இல்லை, ஒரு வெளுப்பு இல்லை, வட்டமாகவோ நீளமாகவோ ஒரு கறைகூட இல்லை. உடைமரத்து அடிவேர் வடமூலையில் அப்படியே இருக்கிறது, சரளைக்கு ஊடே புகுந்து. அம்மா உட்கார்ந்த இடம் இந்த வேருக்கும் குழாய்மேடைக்கும் நடுவில். "தண்ணி தெளிச்சுப் பாரும்மா" என்றேன். தெளித்தாள். ஈரத்தில் நிற வித்தியாசம் எழும்பி வரும், காய்ந்த மண்ணில் ஒளிந்திருப்பதெல்லாம் ஈரத்தில் காட்டிக்கொடுக்கும். எழும்பவில்லை. பச்சைப் பிள்ளையின் எலும்பு இந்த உப்பு மண்ணில் கரைந்திருக்கும், அது எனக்குத் தெரியும், எலும்பைக் காணவில்லை என்றால் நான் கலங்கியிருக்க மாட்டேன். எலும்பு கரையும், குழி கரையாது. ஒரு தடவை வெட்டின மண்ணை எவ்வளவு அழகாக மூடினாலும் பழையபடி ஆகாது, சிவப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கும், ஆயிரம் வருஷம் ஆனாலும் கலந்தேதான் கிடக்கும், இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு கெத்தாகச் சொல்லியிருக்கிறேன். சரளை பிறகு கொட்டினதாக இருக்கலாமே, எழுபத்திரண்டுக்குப் பிறகு. இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் குழாய்மேடை சரளைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, மேடையின் சிமெண்டில் கொத்தனார் ஆணியால் கீறின வருஷம் நேற்று நானே பல் விளக்குகிற பிரஷ்ஷால் சுத்தம் செய்து படம் எடுத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, நாங்கள் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். நேற்று அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேதி கிடைப்பது எங்கள் வேலையில் பெரிய வரம்.

"அப்படியே கீழ போம்மா, சரளையைத் தாண்டி." குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. திரும்ப வந்து மேஜையில் உட்கார்ந்து அடுத்த துண்டை எடுக்கிறேன், சிவப்பு, ஐந்து புள்ளி ஏழு, எழுது. குழாய் இடம் மாறியிருக்கலாம். இந்த வரிசைக்கு ஒரே குழாய்தான், மேடத்திடம் வரைபடம் இருக்கிறது. வேறு உடைமரமாக இருக்கலாம். ஆறு வயசுப் பிள்ளைக்கு மரம் என்ன தெரியும், கிழக்கு என்ன தெரியும்? சூரியன் கண்ணில் அடித்ததே, விடிகாலைச் சூரியன் எந்தப் பக்கம் அடிக்கும் மடையா. அம்மாவை இரண்டு தடவை கூப்பிட்டேன், ராமேஸ்வரம் போய்விட்டு வரும் வழியில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், பாப்பாவுக்குப் பால் ஊற்றிவிட்டு வரலாம் என்று. "அந்தப் பக்கமே வேணாம்" என்றாள் இரண்டு தடவையும், முகத்தைத் திருப்பிக்கொண்டு. துக்கம் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் திதி கொடுக்கும்போது ஐயர் வேறு யாரும் உண்டா என்று கேட்டார், நான் 'தங்கச்சி' என்று ஆரம்பித்தேன், அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து "அதெல்லாம் இல்ல சாமி, அவ பேரச் சொல்லாதீங்க" என்றாள், கத்தினாள் என்றே சொல்லலாம். அதையும் துக்கம் என்றுதான் நினைத்தேன். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் நாலு பேர், நாலாவது பேருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. இறந்தார் என்று எழுதியிருக்கவில்லை, கோடு மட்டும்தான். செத்தால்தான் கோடு போடுவார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்தவன் வீட்டுச் சில்லு என்றால் அப்படி முடிவு கட்டுவேனா? நாலு கேள்வி கேட்டிருப்பேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

அந்த மேடு. ஒரு முழ மேடு. கீழே ஒன்றுமில்லாத மேடு. காய்ச்சலோடு எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றி ஊற்றி மணலைக் குவித்துத் தட்டி வழவழப்பாக்கி, எங்கேயோ தேடி ஒரு கிளிஞ்சலை எடுத்து வைத்து, நான் எழுந்து வருவதற்குள் முடித்திருக்கிறாள். யாருக்காக? அந்தக் கொட்டகையில் பாப்பா எங்க பாப்பா எங்க என்று கேட்டு உயிரை எடுக்கக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான். எனக்காகக் கட்டியிருக்கிறாள். ஐம்பத்திரண்டு வருஷம் நான் அழுத சமாதி எனக்காகவே கட்டினது. ஐயோ அம்மா. நாலு புள்ளி ஒன்று. இது குழந்தை வளையல், மஞ்சள், தடிமன் குறைவு. வளையல் கடைக்காரன் அங்குலக் கணக்கில் ஒண்ணு பத்து. ஒண்ணு பத்து. பென்சில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் ஒண்ணு பத்து இருந்ததே.

சிலோனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி, அம்மா கட்டிலுக்கடியில் இருக்கும், பூட்டு கிடையாது, ஆனாலும் யாரும் தொட மாட்டோம். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அம்மா மதுரை புதுமண்டபத்து வளையல் கடைக்குப் போவாள், ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்குவாள், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த நியூஸ் பேப்பரைப் பிரிக்காமல் பெட்டியில் வைப்பாள், முடிந்தது. அப்பா போன பிறகு அம்மா கையில் வளையல் கிடையாது, எங்களுக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஒருமுறை நான் கூடப் போனேன், கடைக்காரர் "யாருக்கும்மா?" என்றார், அம்மா கொஞ்சமும் தயங்காமல் "மகளுக்கு" என்றாள், எனக்கு அந்தக் கூட்டத்தில் மானம் போயிற்று. செத்த பிள்ளைக்கு வளையல் வாங்குகிறாள், அம்மாவுக்கு இது ஒரு கிறுக்கு என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். "வாங்கிட்டுப் போறாங்க, உங்களுக்கு என்ன" என்றாள் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா போனாள், அடுத்த ஆடிப்பூரத்துக்கு எங்கள் தெரு மாரியம்மனுக்கு வளையல் சாத்தினார்கள், வீட்டில் கிடக்கிற வளையலைக் கோயிலுக்கே கொடுத்துவிடலாம், புண்ணியம் என்று இரண்டு பேரும் பெட்டியைக் கவிழ்த்தோம். கவிழ்த்தோம். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு, இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம், கூடையைக்கூடக் கவிழ்க்க விடமாட்டேன் நான், ஒருத்தி கவிழ்த்ததற்கு ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அம்மா ஐம்பது வருஷம் அடுக்கு அடுக்காகப் போட்டு வைத்ததை ஒரே நொடியில் தரையில் கொட்டினேன். பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் போட்டோம், ஒவ்வொரு பேப்பரிலும் தேதி இருந்திருக்கும், சுலோச்சனா அதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஆனாலும் என் கண் பார்த்தது, பழகின கண், பார்க்காமல் இருக்குமா? ஒண்ணு ஆறு இருந்தது, ஒண்ணு பத்து இருந்தது, ஒண்ணு பதினாலு, ரெண்டு, ரெண்டு ரெண்டு, ரெண்டு நாலு. ரெண்டு நாலில் ஏழெட்டுக் கட்டு. பிறகு ஒரே ஒரு பெரிய கட்டு, சிவப்பும் பச்சையும் கலந்து, டஜன் இல்லை, அதற்கும் மேலே எத்தனையோ. வளைகாப்புக்கு வாங்குகிற மாதிரி இருக்கே என்று சுலோச்சனாதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒதுக்கிப் போட்டாள். அதற்கப்புறம் எல்லாமே ரெண்டு ஆறு. பிள்ளை பெற்றால் கை பருக்கும். அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள், இந்த வருஷம் அவளுக்கு இருபத்து மூன்று, இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும், இந்நேரம் ஏழாம் மாசம், யார் வளையல் போட்டுவிடுவார்களோ என்று. செத்த பிள்ளைக்கு வாங்குகிறவள் ஒன்பது மாசத்து வளையலையே அல்லவா திரும்பத் திரும்ப வாங்கியிருப்பாள். செத்த பிள்ளை வளராதே. யாருடைய கையோ உடைத்துப்போட்ட சில்லை வட்டத்தில் வைத்து அளக்கத் தெரிந்த எனக்கு, முழு வளையலாக, வருஷ வாரியாக, என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தது தெரியவில்லை. மாரியம்மன் கழுத்தில் மாலையாக ஒரு நாள் தொங்கி, மறுநாள் தெருப் பெண்களுக்கெல்லாம் பிரசாதமாகப் போய்விட்டது. கோயில் வாசலில் நின்று நானே எடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

சீதையம்மா. அடுத்த தடுப்பில் இருந்தவள், மூக்கில் சிவப்புக்கல். கப்பலிலேயே அவளுடைய பிள்ளை போய்விட்டது, ரவிக்கை எப்போதும் நனைந்திருக்கும், அம்மாவுக்குக் காய்ச்சலில் பால் வற்றிப்போய்ப் பாப்பா முனகும்போது சீதையம்மாதான் வாங்கிப் போய் மடியில் போட்டுக்கொள்வாள். பாப்பா குடிக்கிற சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்கும், அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவர்களை அந்தமானுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்கு என்று எழுதியிருந்தார்கள், எங்களை இந்தப் பக்கம். அன்றைக்கு விடிகாலை லாரி வந்தது. வந்ததா? அன்றைக்குத்தானா? லாரியில் சீதையம்மா குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள், மடியில் துணி மூட்டை, அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. இது நான் பார்த்ததா, இந்த ஐந்து நிமிஷத்தில் நானே செய்துகொண்டதா? கலந்த மண்ணை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் சரளை கலக்கவில்லை. அம்மா பால் இருந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள், உயிரோடு இருக்கட்டும் என்று. என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் கத்தியிருப்பேன், அப்பா லாரிக்குப் பின்னாலேயே ஓடியிருப்பார், அல்லது ஓடாமல் இருந்திருப்பார், அது இன்னும் மோசம். அப்புறம் ஏன் சொல்லவில்லை? எனக்கு நாற்பது வயசான பிறகாவது? சாகும்போதாவது? நான் கையைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன். கோபம் வருகிறது. செத்துப்போனவள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய. பவளம் என்ற பேரை அவர்கள் வைத்திருப்பார்களா? வேறு பேராகத்தான் இருக்கும். எந்தப் பேரைச் சொல்லித் தேடுவது? இப்போது ஐம்பத்து மூன்று. பூமயிலுக்கும் அந்த வயசுதான் இருக்கும், கையில் பிளாஸ்டிக் வளையல் இரண்டு, ரெண்டு ஆறு போடுகிற கை. சீ, என்ன புத்தி இது. அவள் பிறந்தது இந்தக் கடலோரத்தில், அவள் அப்பா வலை போடுகிறவர், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடையில் ஐம்பது வயசுப் பெண் யார் கையை நீட்டினாலும் நான் பார்ப்பேன். சாகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நாலு மணிக்கு மேடம் வந்தார். குழியின் விளிம்பில் நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பூமயில் சரளையைத் தாண்டி ஒரு முழம் இறங்கியிருந்தாள், வெள்ளை மணல், கிளிஞ்சல், கடல் கொண்டுவந்து போட்டது போட்டபடி, மனுஷக் கை படாத மண். "மாயழகு சார், நீங்க சொன்ன வாய்க்கால் வரலையே?"

"இல்ல மேடம். தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவால்ல விடுங்க. நீங்களே தப்பாச் சொன்னா மண்ணு என்ன பண்ணும்." சிரித்தார், நல்ல மனுஷி. "கன்னிமண்ணுதானே? எழுதிட்டு மூடிருங்க."

எழுதினேன். கிழக்கு நீட்டிப்பு, சரளைத் தளம் முழுமையாக உள்ளது, வெட்டுத் தடயம் இல்லை, கீழே கன்னிமண். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வரியை நூறு தடவை எழுதியிருப்பேன், ஒன்றும் கிடைக்காத குழிக்கு எழுதுகிற வரி. மூடுவதற்கு முன்னால் அடியில் இந்த வருஷத்து நாணயம் ஒன்று போட வேண்டும், பின்னால் யாராவது தோண்டினால் இங்கே ஏற்கெனவே ஒருத்தன் தேடிவிட்டுப் போயிருக்கிறான் என்று தெரிவதற்கு. பையில் இருந்த இரண்டு ரூபாயைத் துடைத்துப் போட்டேன், மணலில் சத்தமே வரவில்லை. பூமயில் மண்ணைத் தள்ளித் தள்ளி முடித்து மிதித்தாள். கொஞ்சம் மண் மிஞ்சிவிட்டது, எப்போதும் மிஞ்சும், அதைக் குவித்து மண்வெட்டியின் முதுகால் தட்டினாள், ஒரு முழம் இருக்கும். "அதை அப்படி விடாத, பரப்பி விட்ரும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காலால் பரப்பினாள்.

பிறகு கைகழுவப் பானைக்குப் போனவள் உள்ளேயிருந்து பால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். "சார், இது யாரு பாலு? வெயிலுக்குத் திரிஞ்சிறப் போகுது."

"என்னதுதான். டீ போட்ரும்மா எல்லாருக்கும்."

"எதுக்கு வாங்கியாந்தீக?"

"தங்கச்சிக்கு."

அவள் அடுப்பில் சட்டியை வைத்துப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பால் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "அப்படியா, சொல்லவே இல்லையே சார். எங்கன இருக்காக?"

ஐம்பத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானும் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன், அழுகை வந்துவிட்டது, வரட்டும்.

"தெரியலம்மா" என்றேன்.